இணைய வேகம் சரியாக இருந்தும் வீட்டுக்குள் இரண்டு கணினிகளுக்கு இடையே கோப்புகள் மிக மெதுவாகக் காப்பி ஆகின்றன, காரணம் என்ன?

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறேன். மண்டபத்திலிருந்து திரும்பியதும் கேமராக்களின் மெமரி கார்டுகளை ஹாலில் வைத்தே லேப்டாப்பில் இறக்கிவிடுவேன். எடிட் செய்யும் டெஸ்க்டாப் மாடியறையில் இருக்கிறது. அதில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து வைத்து, லேப்டாப்பிலிருந்து வைஃபை வழியாக அதற்குள் காப்பி செய்வதுதான் என் வழக்கம். சிக்கல் இந்தக் காப்பியில்தான்.

மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு எல்லாம் சேர்த்து ஒரு கல்யாணத்துக்கு ஏறத்தாழ 180 ஜிபி சேர்கிறது. காப்பி ஆகும்போது திரையில் வேகம் வினாடிக்கு 3 எம்பி என்றே நிற்கிறது. எப்போதாவது 4ஐத் தொட்டு உடனே இறங்கிவிடுகிறது. சென்ற வாரம் இரவு 10 மணிக்குப் போட்ட காப்பி மறுநாள் பிற்பகல் 3 மணிக்குச் சற்று முன்புதான் முடிந்தது. அதுவரை லேப்டாப்பை மூட முடியாது, வெளியே எடுத்துச் செல்லவும் முடியாது. ஆவணியில் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு கல்யாணத்தின் கோப்புகள் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த கல்யாணத்தின் கார்டுகள் கைக்கு வந்துவிடுமோ என்ற கவலையில் இருக்கிறேன்.

வீட்டில் இருப்பது 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. இணைப்புக் கொடுத்த நிறுவனமே தந்த ரவுட்டர் பெட்டி ஹாலில், வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் அதில் உண்டு. டெஸ்க்டாப்பில் வைஃபை வசதி இல்லாததால், பின்புறம் நகம் அளவில் ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டரைச் செருகியிருக்கிறேன். அதன் அட்டைப் பெட்டியில் 150 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தது. லேப்டாப் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வாங்கியது. இரண்டிலும் விண்டோஸ் 10 ஓடுகிறது.

நிறுவனத்தில் புகார் கொடுத்தேன். வந்தவர் ரவுட்டருக்குக் கீழே நின்று தம்முடைய ஃபோனில் வேகத்தைச் சோதித்தார், 94 வந்தது. லைன் சரியாகத்தான் இருக்கிறது, வேகம் போதவில்லையென்றால் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாதாமாதம் கூடுதலாகக் கட்ட வேண்டிய தொகை என்பதால் யோசனையாக இருக்கிறது. திட்டத்தை மாற்றினால் இந்தக் காப்பி வேகமாகுமா?


மறுமொழி: வலைநெசவாளர்

வணக்கம். அலுவலக நெட்வொர்க்குகளைப் பராமரிப்பதே என் அன்றாட வேலை என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்: திட்டத்தை மாற்றாதீர்கள். லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்குப் போகும் கோப்பு உங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு வந்து, ரவுட்டரிலிருந்து அப்படியே டெஸ்க்டாப்புக்குத் திரும்பிவிடுகிறது. ஃபைபர் கம்பியைப் பிடுங்கிப் போட்டாலும் அதே 3 எம்பி வேகத்தில்தான் காப்பி நடக்கும். ஐயமிருந்தால் ஒரு முறை செய்தே பாருங்கள்.

அடுத்து, அளவையில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதைத் தீர்த்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். இணைய நிறுவனங்களும் வைஃபை கருவிகளின் அட்டைப் பெட்டிகளும் சொல்வது மெகாபிட் கணக்கு. விண்டோஸ் காப்பி செய்யும்போது காட்டுவது மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே உங்கள் 3 மெகாபைட் என்பது 24 மெகாபிட்.

இப்போது அந்த நகம் அளவு அடாப்டருக்கு வருவோம். 150 என்று அட்டையில் போட்டிருந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த, ஒரே ஆன்டெனா கொண்ட கருவி என்று பொருள். அந்த 150ம், ரவுட்டர் 40 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலை, அதாவது அலைவரிசைக்குள் தான் பேசும் பாதையை, கொடுத்தால் மட்டுமே வரும். சுற்றியுள்ள வீடுகளின் வைஃபை நெரிசலால் பெரும்பாலும் ரவுட்டர் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இறங்கிவிடும். அப்போது உச்சமே 72 மெகாபிட்தான். அதுவும் இணைப்பு வேகம், கோப்புக்குக் கிடைக்கும் வேகம் அன்று. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் எதிர்ப்பக்கத்திலிருந்து பெற்றுக்கொண்டேன் என்ற பதில் வர வேண்டும். அடுத்ததை அனுப்புவதற்கு முன் சேனல் காலியாக இருக்கிறதா என்று சற்றுக் காத்திருந்து பார்க்க வேண்டும். இவையெல்லாம் போக, இணைப்பு வேகத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு கையில் கிடைத்தால் அது நல்ல நிலை.

இதற்கு மேலும் ஒரு செலவு இருக்கிறது, உங்கள் வீட்டில் அதுதான் முதன்மையானது என்று நினைக்கிறேன். லேப்டாப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இருந்தால், ஒரே தரவு அதே காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து டெஸ்க்டாப்புக்கு ஒரு முறை. இரண்டு பயணங்களும் ஒரே சேனலின் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தொழில்நுட்பர் ஃபோனில் சோதித்தபோது காற்றில் ஒரே பயணம்தான் இருந்தது, அதுவும் ரவுட்டருக்கு நேர் கீழே. அதை வைத்து உங்கள் மாடியறையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு கணினிகளிலும் வைஃபை அமைப்பைத் திறந்து, அதன் பண்புகளில் இணைப்பு வேகம், அலைவரிசை இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளை இரண்டிலும் இறக்கி, டெஸ்க்டாப்பில் சர்வராகவும் (பெறும் பக்கம்) லேப்டாப்பில் கிளையன்டாகவும் (அனுப்பும் பக்கம்) ஓட்டுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள். இந்தச் சோதனை நினைவகத்திலிருந்து நினைவகத்துக்குத் தரவை அனுப்புவதால் ஹார்டு டிஸ்க், ஆன்டிவைரஸ், விண்டோஸின் ஷேரிங் ஆகிய எதுவும் குறுக்கே வராது. ஐபெர்ஃப்3 காட்டும் எண்ணும் காப்பி வேகமும் ஒட்டி வந்தால் குறை நெட்வொர்க்கில் இருக்கிறது. ஐபெர்ஃப்3 வேகமாகவும் காப்பி மெதுவாகவும் இருந்தால் குறை டிஸ்க்கிலோ விண்டோஸிலோ இருக்கிறது. இதை அளக்காமல் எந்தப் பொருளையும் வாங்க வேண்டாம்.


மறுமொழி: மாடிவீடு

எங்கள் வீட்டிலும் மாடியில் சிக்னல் சரியாக வராமல் இருந்தது. மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ரிப்பீட்டர் வைத்த பிறகு சிக்னல் கோடுகள் முழுதாக வந்துவிட்டன. குறைந்த செலவில் முடிந்துவிடும்; அதையும் முயன்று பாருங்கள்.


மறுமொழி: வலைநெசவாளர்

மாடிவீடு அவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், சிக்னலே எட்டாத அறைக்கு ரிப்பீட்டர் உதவவும் செய்யும். ஆனால் கோப்பு காப்பி செய்பவருக்கு அது எதிர்விளைவைத் தரும். சாதாரண ரிப்பீட்டர் ஒரு துண்டுத் தரவைக் கேட்டு வாங்கி, அதே சேனலில் திரும்பவும் ஒலிபரப்புகிறது. ஏற்கனவே இரண்டு முறை காற்றில் போகும் தரவு இப்போது மூன்று முறை போகும். திரையில் சிக்னல் கோடுகள் கூடும், ஆனால் காப்பி வேகம் குறையும். காவிரிக்கரை அவர்கள் முதலில் அளந்து எழுதட்டும்.


மறுமொழி: காவிரிக்கரை

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே அளந்தேன்.

லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இருந்தது. இணைப்பு வேகம் 130 மெகாபிட். இரண்டு அலைவரிசைக்கும் வெவ்வேறு பெயர் இருந்தும், முதன்முதலில் சேர்த்த பெயரையே அது இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது, நானும் கவனிக்கவில்லை. டெஸ்க்டாப்பின் இணைப்பு வேகம் 65 மெகாபிட். ஐபெர்ஃப்3 காட்டியது 26 மெகாபிட். ஃபைபர் கம்பியைக் கழற்றிவிட்டும் ஒரு கோப்பைக் காப்பி செய்து பார்த்தேன், அதே 3 மெகாபைட்தான். திட்டத்தை மாற்றும் எண்ணத்தை அந்த நிமிடமே கைவிட்டேன்.

பிறகு லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அதில் இணைப்பு வேகம் 866 என்று காட்டுகிறது. ஐபெர்ஃப்3 இப்போது 40 மெகாபிட், காப்பி 4.7 மெகாபைட். முன்னேற்றம்தான் என்றாலும் 180 ஜிபிக்கு இன்னும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேற்கொண்டு என்ன செய்யலாம்?


மறுமொழி: வலைநெசவாளர்

உங்கள் எண்கள் கணக்கோடு அப்படியே பொருந்துகின்றன. 130 இணைப்பில் ஏறத்தாழ 75ம், 65 இணைப்பில் ஏறத்தாழ 40ம் கோப்புக்குக் கிடைக்கும். அந்த இரண்டு பயணங்களும் ஒரே சேனலில் மாறிமாறி நடந்தபோது மொத்தத்தில் 26. லேப்டாப்பின் பயணம் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனதும் 2.4இல் டெஸ்க்டாப் மட்டும் எஞ்சியது, அதற்குரிய 40 முழுதாகக் கிடைத்துவிட்டது. ரவுட்டருக்குள் இந்த இரண்டு அலைவரிசைகளும் தனித்தனி ரேடியோக்கள், ஒன்றின் நேரத்தை மற்றொன்று எடுத்துக்கொள்ளாது. இனி உங்கள் வீட்டின் தடை அந்தச் சின்ன அடாப்டர் ஒன்றுதான்.

டெஸ்க்டாப் ஓரிடத்திலேயே நிலையாக இருக்கும் கருவி. நகராத கருவிக்குக் கேபிளைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. ஹாலிலிருந்து மாடியறைக்கு ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுக்க வழி இருந்தால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைச் செய்யுங்கள். கேபிளின் நீளம் 100 மீட்டருக்குள் இருந்தால் கிகாபிட் வேகம், அதாவது 1000 மெகாபிட், குறையாமல் கிடைக்கும். வீட்டுக்குள் அந்த எல்லையை யாரும் தொடப்போவதில்லை. கரன்ட் ஒயர் போகும் குழாயில் மட்டும் அதைச் சேர்த்து இழுக்க வேண்டாம். பாதுகாப்புக்கும் நல்லதன்று, சிக்னலுக்கும் நல்லதன்று.


மறுமொழி: நிலாமுற்றம்

கேபிள் இழுப்பதுதான் சரியான தீர்வு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது நடந்து முடியும்வரை முகூர்த்தங்கள் காத்திருக்கா. அதனால் இருக்கிற அடாப்டரிலிருந்தே சிறிது கூடுதல் வேகம் பெறச் சில வழிகளைச் சொல்கிறேன். மின்னணுச் சுற்றுகளை வடிவமைக்கும் வேலையில் இருப்பதால் இவற்றில் சிலவற்றை மேசைமேல் வைத்து அளந்தும் பார்த்திருக்கிறேன்.

காவிரிக்கரை அவர்களே, டெஸ்க்டாப்பின் பின்புறம் அந்த அடாப்டருக்குப் பக்கத்துப் போர்ட்டில் யுஎஸ்பி 3.0 வெளி ஹார்டு டிஸ்க் எதையாவது செருகி வைத்திருக்கிறீர்களா? வீடியோ வேலை செய்பவர் என்பதால் இருக்கும் என்றே நினைக்கிறேன். யுஎஸ்பி 3.0 வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் இயங்குவது. அதன் மின்துடிப்புகளால் எழும் இரைச்சல் பரந்த அலைவரிசையில் சிதறி, 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஹார்டு டிஸ்க்கின் கேபிளுக்கு ஒட்டினாற்போல ஆன்டெனா இருந்தால், ரவுட்டரின் மெல்லிய குரலை அந்த இரைச்சல் மூழ்கடித்துவிடும். இதில் வருத்தமான செய்தி, காப்பி நடக்கும்போதுதான் ஹார்டு டிஸ்க்கும் இயங்கும். வைஃபை நன்றாக இருக்க வேண்டிய அதே நேரத்தில்தான் இரைச்சலும் உச்சத்தில் இருக்கும். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, அடாப்டரை டெஸ்க்டாப்பின் பின்னாலிருந்து வெளியே எடுத்து, மேசையின் மேல் திறந்த இடத்தில் வையுங்கள். இரும்புப் பெட்டியான கணினியின் முதுகும் சுவரும் சேர்ந்து அதை மறைத்துக்கொண்டிருப்பதும் இதனால் தீரும்.

அடுத்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல். 1, 6, 11 ஆகிய மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று விழாத சேனல்கள். இடைவெளி தெரிகிறதே என்று 3இலோ 4இலோ வைத்தால், இரண்டு பக்கத்து வீடுகளின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்வீர்கள். ஃபோனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஹாலில் அன்று, மாடியறையில் நின்று பாருங்கள். இந்த மூன்றில் எது அங்கே அமைதியாக இருக்கிறதோ அதை வையுங்கள். இரண்டாவது, பாதுகாப்பு முறை. டிகேஐபி என்று பழைய முறை ஏதாவது தேர்வாகியிருந்தால் உடனே டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். 802.11என் என்ற வைஃபை தரநிலை டிகேஐபியோடு தன் உயர் வேகங்களைப் பயன்படுத்த அனுமதிப்பதில்லை. எவ்வளவு நல்ல கருவியும் 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். உங்கள் டெஸ்க்டாப் 65 காட்டுவதால் அந்தக் குறை உங்களிடம் இல்லை; இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதினேன்.

5 கிகாஹெர்ட்ஸ் தெரிந்த புது அடாப்டர் வாங்கலாமா என்றும் தோன்றும். இந்தியாவில் 2018இல் அந்தப் பட்டையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமமில்லாப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டதால், நெரிசல் அங்கே மிகவும் குறைவு. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் தளத்தைக் கடந்து வரும்போது மெலிந்துவிடும். நம் ஊர் வீடுகளின் தளத்தில் கம்பி கட்டியிருப்பதும், மாடியறைகளில் சுவரோரம் இரும்பு பீரோ நிற்பதும் வெளிநாட்டு மர வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்படும் அறிவுரைகளில் இடம்பெறுவதில்லை. வாங்குவதாக இருந்தால் திருப்பிக் கொடுக்க முடியும் கடையில் வாங்குங்கள்.


மறுமொழி: காவிரிக்கரை

நிலாமுற்றம் அவர்கள் நேரில் வந்து பார்த்ததைப் போலச் சொல்லிவிட்டார். அடாப்டருக்கு மிக அருகில், அடுத்த போர்ட்டிலேயே 4 டிபி வெளி ஹார்டு டிஸ்க் செருகியிருந்தது. எக்ஸ்டென்ஷன் கேபிளில் அடாப்டரை மேசைக்கு மேல் கொண்டுவந்து, சேனலை 11க்கு மாற்றியதும் இணைப்பு வேகம் 72 ஆனது. ஐபெர்ஃப்3 46, காப்பி 5.4 மெகாபைட். அந்த அடாப்டரின் உச்சமே அதுதான் என்று இப்போது புரிகிறது.

கேபிளும் இழுத்தாகிவிட்டது. முன்பு கேபிள் டிவிக்காக ஹாலிலிருந்து மாடியறைக்குச் சுவருக்குள் ஒரு தனிக் குழாய் போட்டிருந்தோம். டிவியை அங்கிருந்து எடுத்து ஆறு ஆண்டுகளாகின்றன, ஒயர் மட்டும் உள்ளே சும்மா கிடந்தது. எலெக்ட்ரீஷியன் அந்தப் பழைய ஒயரின் நுனியில் புதுக் கேபிளை வைத்து இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிச் சுற்றி, மேலே ஒருவர் இழுக்க, கீழே ஒருவர் தள்ளிக் கொடுக்க, அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார். ஒரு வளைவில் மட்டும் சிக்கிக்கொண்டது. சிறிது தேங்காய் எண்ணெய் தடவியதும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

ஆனால் காப்பி வேகம் இப்போது 11.2 மெகாபைட். ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை, திரையில் கோடு போட்டாற்போல நிற்கிறது. முன்பைவிட இரண்டு மடங்கு என்பது மகிழ்ச்சிதான். ஆனாலும் கிகாபிட் என்றீர்களே என்று கேட்கத் தோன்றுகிறது.


மறுமொழி: வலைநெசவாளர்

தேங்காய் எண்ணெயை இன்னொரு முறை தடவ வேண்டாம். கேபிளின் மேலுறைக்கு எண்ணெய் ஆகாது. அதற்கென்றே வழுக்குப் பசை கடைகளில் கிடைக்கிறது. இப்போது தடவியது சிறு அளவு என்பதால் கவலை வேண்டியதில்லை.

11.2 என்ற அந்த அசையாத எண்ணைப் பார்த்தவுடனே காரணம் தெரிந்துவிட்டது. வைஃபை வேகம் எப்போதும் ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும். கோடு போட்டாற்போல 11இல் நின்றால், வழியில் எங்கோ ஒரு கம்பி இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது என்று பொருள். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5, ஒவ்வொரு துண்டோடும் முகவரிபோல் சேரும் தலைப்புத் தரவுகள் போக 11 சொச்சம். டெஸ்க்டாப்பின் ஈதர்நெட் பண்புகளில் இணைப்பு வேகம் 100 என்று இருக்கும், பாருங்கள்.

இதற்கு இரண்டு காரணங்கள்தான் வழக்கமாக உண்டு. ஒன்று, கேபிளின் நுனியில் எட்டுக் கம்பிகளும் சரியாக கிரிம்ப் ஆகவில்லை, அதாவது இணைப்பானுக்குள் அழுத்திப் பொருத்தப்படவில்லை. 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பிகள், அதாவது இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் தேவை. கூடுதலான அந்த இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி விட்டுப் போனாலும் இரண்டு முனைகளும் தமக்குள் பேசி 100க்கு இறங்கிக்கொள்ளும். இணைப்பு வேலை செய்துகொண்டே இருப்பதால் யாருக்கும் ஐயம் வராது. இரண்டாவது, ரவுட்டரின் போர்ட்டே 100 மெகாபிட் போர்ட்டாக இருக்கலாம். இணைப்போடு தரும் பெட்டிகள் பலவற்றில் ஒரே ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100. பெட்டியின் பின்புறம் போர்ட்டுக்கு மேலே ஜிஇ என்று அச்சிட்டிருந்தால் அது கிகாபிட். எஃப்இ என்றிருந்தால் 100.


மறுமொழி: காவிரிக்கரை

இரண்டு காரணங்களும் சேர்ந்தே இருந்தன.

கேபிளின் நுனியிலுள்ள கண்ணாடிபோன்ற இணைப்பானை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டுமே உள்ளே போயிருந்தன. நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும் உறையோடு ஒட்ட நறுக்கப்பட்டிருந்தன. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டபோது, கேமராவுக்கும் இன்டர்நெட்டுக்கும் நான்கு போதும் என்று பழகிவிட்டதாகச் சொன்னார். மனம் கோணாமல் இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டு, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் எட்டுக் கம்பிகளையும் வைத்து கிரிம்ப் செய்து கொடுத்தார். இனி எல்லா வீடுகளிலும் எட்டையும் போடுவதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகும் 100தான் காட்டியது. ரவுட்டரின் பின்புறத்தைப் பார்த்தால் முதல் போர்ட்டுக்கு மேல் மட்டும் ஜிஇ என்று இருந்தது. நாங்கள் மூன்றாவதில் செருகியிருந்தோம். முதல் போர்ட்டுக்கு மாற்றிய நொடியில் டெஸ்க்டாப் 1000 மெகாபிட் என்று காட்டியது. ஹாலில் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்துக்கொண்டு ஐபெர்ஃப்3 ஓட்டினால் 440 மெகாபிட் வருகிறது. காப்பி 52 மெகாபைட். இன்று காலை ஒரு கல்யாணம் முழுவதும், 180 ஜிபி, 58 நிமிடத்தில் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. 58 நிமிடம் என்று எழுதும்போதே எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஆனால் படுக்கையறையில் உட்கார்ந்து செய்தால் 14 மெகாபைட்தான் வருகிறது. பீரோ நடுவில் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. இன்னொன்றுதான் புரியவில்லை. வீடியோக்கள் இவ்வளவு விரைவாகப் போகும்போது, எடிட்டிங் மென்பொருள் உருவாக்கி வைத்திருக்கும் புராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் மாற்றினால் வேகம் ஒரு மெகாபைட்டுக்கும் கீழே விழுகிறது. மொத்த அளவு 2 ஜிபிகூட இல்லை.


மறுமொழி: ஏட்டுச்சுவடி

அந்த ஃபோல்டருக்குள் எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள். விடை அங்கேதான் இருக்கும். அலைவடிவப் படங்கள், முன்னோட்டப் படங்கள் என்று சில கிலோபைட் அளவுள்ள கோப்புகள் பல்லாயிரம் சேர்ந்திருக்கும். விண்டோஸ் ஷேரிங்கில் ஒவ்வொரு கோப்புக்கும், பெயரைப் பதிந்து திறப்பது, எழுதுவது, தேதி முதலியவற்றைக் குறிப்பது, மூடுவது என்று இரண்டு கணினிகளுக்கும் இடையே பல முறை கேள்வியும் பதிலும் போய்வர வேண்டும். 5 ஜிபி வீடியோ ஒன்றுக்கு இந்தச் சடங்கு ஒரே முறை நடக்கிறது. 40,000 சிறு கோப்புகளுக்கு 40,000 முறை நடக்கிறது. ஒரு கோப்புக்கு 20 மில்லிவினாடி என்று வைத்தாலும், தரவு ஒன்றுமே போகாமல் 800 வினாடி இதற்கே போய்விடும். வைஃபையில் ஒவ்வொரு போய்வரவும் கம்பியைவிடத் தாமதமாவதால் இந்தச் செலவு இன்னும் கூடும். ஒவ்வொரு கோப்பையும் ஆன்டிவைரஸ் திறந்து பார்ப்பதும் இதோடு சேரும்.

லேப்டாப்பிலேயே அந்த ஃபோல்டரை, சுருக்காமல் வெறுமனே சேர்த்துக் கட்டும் முறையில், ஒரே ஜிப் கோப்பாக ஆக்கிவிட்டு அனுப்புங்கள். மேலே போய் அவிழ்த்துக்கொள்ளலாம். அடிக்கடி செய்வதாக இருந்தால், விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற கட்டளையைப் பழகிக்கொள்ளுங்கள். எம்டி என்ற தேர்வைச் சேர்த்தால் எட்டு இழைகளில் வேலை செய்து, பல கோப்புகளை ஒரே நேரத்தில் அனுப்பும். பாதியில் நின்றாலும், ஏற்கனவே போய்ச் சேர்ந்தவற்றைத் தவிர்த்து மீதியைத் தொடரும். முன்னோட்டப் படங்களை டெஸ்க்டாப்பில் மென்பொருளே மறுபடி உருவாக்கிக்கொள்ளும் என்றால், அவற்றை அனுப்பாமல் விடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

அந்த 4 டிபி வெளி ஹார்டு டிஸ்க்கைப் பற்றியும் ஒரு சொல். நெட்வொர்க் வேகமாகிவிட்டதால் இனி அடுத்த தடை அதில் வரக்கூடும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்காக இருந்தால், தொடக்கத்தில் நல்ல வேகம் காட்டி, பல ஜிபி போன பிறகு திடீரென்று தொய்ந்துவிடும். அப்படி ஒரு நாள் நடந்தால் ரவுட்டரைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் உள்ளேயுள்ள எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்துவிட்டு, பிறகு அங்கிருந்து வெளி டிஸ்க்குக்கு நகர்த்துங்கள்.

கடைசியாக, தொழில் சார்ந்த ஒரு வேண்டுகோள். காப்பி முடிந்தது என்று திரை சொன்னவுடனே மெமரி கார்டுகளை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். இரண்டு பக்கத்திலும் கோப்புகளின் ஷா-256 மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, கணக்கிட்டு ஒப்பிட்ட பிறகே கார்டைத் தொடுங்கள். தாலி கட்டும் காட்சியைத் திரும்ப எடுக்க முடியாது.


மறுமொழி: காவிரிக்கரை

ஏட்டுச்சுவடி அவர்களுக்கு நன்றி. எண்ணிப் பார்த்தேன், அந்த ஃபோல்டருக்குள் 43,000 கோப்புகளுக்கு மேல் இருந்தன. ஜிப்பாகக் கட்டி அனுப்பியபோது காற்றில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆனது. கட்டவும் அவிழ்க்கவும் சில நிமிடங்கள் ஆயின. முன்னோட்டப் படங்களை விட்டுவிட்டு அனுப்பினாலும் டெஸ்க்டாப்பில் அவை தாமாகவே திரும்ப உருவாகிவிடுகின்றன என்பதையும் சோதித்துவிட்டேன்.

ஷா-256 ஒப்பீட்டை இன்று காலையில் போன கல்யாணத்துக்கே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று கார்டுகளும் அது முடியும்வரை மேசை இழுப்பறையில், உறை மேல் மணமக்கள் பெயர் எழுதி, பத்திரமாக இருக்கும்.